சடையனும் சுரைக்குடுக்கையும்

காட்டோரத்துக் குட்டையில் ஒரு தாய் விரால் இருந்தாள். கரையில் நின்ற பூவரச மரத்தில் ஓர் அணில் தன் குட்டிகளோடு குடியிருந்தாள். அந்த மரத்தின் நிழலில் ஒரு நாய் படுத்துக் கிடப்பான். எதிர்க்கரைப் புதருக்குள் ஒரு நரி உட்கார்ந்து, இவர்கள் மூவரையும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அணிலுக்குப் பூவரசி என்று பேர். நாய்க்கு உடம்பெல்லாம் முடி சடை சடையாகத் தொங்கும், அதனால் சடையன். விராலை எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

விரால் அக்காவுக்கு அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. குங்குமத்தை அள்ளித் தண்ணீரில் தூவியதுபோல அத்தனை குஞ்சும் ஒரே கூட்டமாக மிதக்கும். கூட்டம் போகும் இடமெல்லாம் அடியில் தாயின் கறுத்த நிழலும் போகும். கெளுத்தியோ தவளையோ கிட்டே வந்தால் ஒரே பாய்ச்சல்தான். தண்ணீர் சேறாகக் கலங்கும், வந்தவர் ஓடிப்போவார். பூவரசி கிளையில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போதெல்லாம், "ஆண்டவனே, இந்தத் தாய்க்கு ஒரு குறையும் வராமப் பார்த்துக்கோ" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. தண்ணீர் இருந்த இடத்தில் சேறு, சேறு இருந்த இடத்தில் வெடிப்பு.

ஒரு காலையில் விரால் அக்கா தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் கூப்பிட்டாள்.

"பூவரசி, எனக்காக நான் பயப்படலை. சேத்துக்குள்ளே புதைஞ்சுகிட்டு மழை வர்ற வரைக்கும் நான் கிடந்துடுவேன். இந்தப் பிஞ்சுகளுக்கு அது முடியாதே! தண்ணி வத்துற அன்னிக்கு இதுங்களும் வத்திடும்."

எதிர்க்கரையிலிருந்து நரி கேட்டது.

"எங்கே புதைஞ்சுப்பே அக்கா? இடத்தைச் சொன்னா நான் துணைக்கு உட்கார்ந்திருப்பேனே!"

சொல்லிவிட்டு உதட்டை நக்கிக்கொண்டது.

பூவரசிக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் யானைப்பாறை மடு இருக்கிறது. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. குஞ்சுகளை அங்கே கொண்டுபோய்விட்டால் பிழைத்துவிடும். எப்படிக் கொண்டுபோவது?

அப்போதுதான் கரையில் கிடந்த சுரைக்குடுக்கை அவள் கண்ணில் பட்டது. ஆடு மேய்க்க வந்த யாரோ மறந்து விட்டுப் போனது. பெரிய வயிறு, அகன்ற வாய், கழுத்தில் தூக்குவதற்குக் கயிற்று வளையம். அணிலால் அதை அசைக்கக்கூட முடியாது. அசைக்க முடிந்த ஒரே ஆள் மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"சடையண்ணே! சடையண்ணே! இந்தக் குடுக்கையை வாயிலே பிடிச்சுக்கிட்டு மடு வரைக்கும் போவீங்களா?"

சடையன் ஒரு கண்ணைத் திறந்தான். விஷயத்தைக் கேட்டான். நல்ல மனசுக்காரன்தான், உடனே எழுந்து உட்கார்ந்தான். ஆனால் முகம் வாடிப்போயிற்று.

"தங்கச்சி, என் வாய்க்கு ரெண்டே வேலைதான் தெரியும். ஒண்ணு, உள்ளே தள்ளும். இல்லேன்னா வெளியே துப்பும். நடுவிலே சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிற வேலையை அது இதுவரைக்கும் செஞ்சதே இல்லை."

"செஞ்சு பாருங்களேன்!"

செய்து பார்த்தான். கயிற்றைக் கவ்வியதும் எலியைக் கவ்வியதுபோலத் தலையை உதறினான். குடுக்கை பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது. எடுத்து வந்து மறுபடி கவ்வினான். கயிற்றைக் கடைவாயில் போட்டு மென்றான். மூன்றாவது முறை ஒரு தட்டாம்பூச்சி பறந்தது. குடுக்கையைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினான்.

நரி விழுந்து விழுந்து சிரித்தது.

"அம்மாடி அணிலு! நாய்க்கு எதுக்கு இந்தக் கொஞ்சல்? குடுக்கையைக் கீழே போட்டா காதைக் கடி. மறுபடி போட்டா மறுபடி கடி. வலிக்கு முன்னாடி படியாதவன் யாரு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்!"

நரி யாருடைய நல்லதுக்குச் சொன்னது என்று உங்களுக்குத் தெரிகிறது. பூவரசிக்கு அந்த அவசரத்தில் தெரியவில்லை. தண்ணீர் வற்றுகிறதே என்கிற பதைப்பு அவளுக்கு. அடுத்த முறை சடையன் குடுக்கையைப் போட்டதும் முதுகில் ஏறி ஓடிப்போய் அவன் காதை நறுக்கென்று கடித்துவிட்டாள்!

சடையன் ஊளையிட்டான். திருப்பிக் கடிக்கவில்லை. வாலைக் கால்களுக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு போய் ஈச்சம்புதரின் அடியில் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு குடுக்கை இருந்த திசைப் பக்கம்கூட அவன் திரும்பவில்லை.

"பார்த்தியா, என்னமா படிஞ்சுட்டான்!" என்றது நரி.

பூவரசிக்கு அழுகை வந்துவிட்டது. விரால் அக்கா மெல்லக் கரையோரம் வந்தாள்.

"ஏன்டி பூவரசி, என் குஞ்சுங்க என் பின்னாலேயே வருதே, நான் கடிச்சா கூட்டிட்டுப் போறேன்? என்கிட்ட வந்தா நல்லது நடக்கும்னு அதுங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். கடிக்கிறவங்களை விட்டு ஓடுறதுதான் எந்த உயிருக்கும் இயல்பு."

பூவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் பொந்துக்குப் போனாள். காட்டோரக் கொல்லைகளில் பொறுக்கிப் பொறுக்கி மழைக்காலத்துக்காகச் சேர்த்து வைத்த வேர்க்கடலை அங்கே குவியலாக இருந்தது. ஒன்றை எடுத்து உடைத்தாள். பருப்பைக் கொண்டுபோய் ஈச்சம்புதருக்கு முன்னால் வைத்தாள்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க. இது வேலைக்கு இல்லை, சும்மா சாப்பிடத்தான்."

சடையன் மோந்து பார்த்தான். நாக்கால் ஒரு தடவல். பருப்பைக் காணோம்.

"அடடே! இதென்ன இம்புட்டு ருசி!"

"இன்னும் இருக்கு அண்ணே. ஆனா இனிமே கொஞ்சம் வேடிக்கையா விளையாடுவோம்."

பூவரசி குடுக்கையை விட்டு எட்டத்தில் உட்கார்ந்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, சும்மா இருந்தாள். சடையன் அங்கே பார்த்தான், இங்கே பார்த்தான், தற்செயலாகக் குடுக்கையைப் பார்த்தான். உடனே ஒரு கடலை! மறுபடி பார்த்தான். மறுபடி ஒரு கடலை! "ஓகோ!" என்றான் சடையன். பிறகு பார்ப்பதற்குக் கடலை வரவில்லை, கிட்டே போனால்தான் வந்தது. கிட்டே போவதற்கு நின்றுபோய், மூக்கால் தொட்டால் வந்தது. பிறகு வாயைத் திறந்து கயிற்றைத் தொட்டால்தான். ஒன்றும் செய்யாமல் நின்றால் திட்டு கிடையாது, கடி கிடையாது. கடலையும் கிடையாது, அவ்வளவுதான்.

பயத்தில் ஒடுங்கிக் கிடந்த வால் ஆடத் தொடங்கியது. அடுத்த நாள் காலையில் பூவரசி எழுந்திருப்பதற்கு முன்பே சடையன் குடுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சி! இன்னுமா தூங்குறே? விளையாட வா!"

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கயிற்றை வாயில் எடுக்கவும் பழகிவிட்டான். ஆனால் எடுத்த வேகத்தில் துப்பினான்! எடுப்பான், 'தொப்'பென்று போடுவான், கடலைக்கு நாக்கை நீட்டுவான். நாளாக நாளாக இன்னும் வேகமாகத் துப்பினான். கவ்வியதும் தெரியாது, போட்டதும் தெரியாது!

"பிடிச்சேன், போட்டேன், கொடு! பிடிச்சேன், போட்டேன், கொடு! நான் எப்படி?" என்று பெருமையாகக் கேட்டான்.

"பிரமாதம் சடையா!" என்று எதிர்க்கரையிலிருந்து கை தட்டியது நரி. "இதே மாதிரி மடு வரைக்கும் போட்டுக்கிட்டே போ!"

பூவரசிக்குப் புரியவில்லை. நடுமத்தியானத்தில் தன் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே யோசித்தாள். எங்கே தப்பு? பையன் கெட்டிக்காரன். கடலையும் ஒழுங்காகக் கொடுக்கிறேன். அவன் எடுக்கிறான். வாயில் குடுக்கை இருக்கும்போது கடலை தின்ன முடியாது. அதனால் அவன் கீழே போடும் வரைக்கும் காத்திருந்து, போட்டதும்...

போட்டதும்!

குட்டிகள் திடுக்கிட்டுப் பாலை விட்டன.

"அக்கா!" என்று கத்திக்கொண்டே பூவரசி மரத்திலிருந்து இறங்கி ஓடினாள். "அக்கா, அவன்மேலே தப்பே இல்லை! கடலையை நான் எப்போ கொடுக்கிறேன்? கீழே போட்டதுக்கு அப்புறம்! நான் பிடிக்கக் கத்துக் கொடுக்கலை அக்கா, போடக் கத்துக் கொடுத்திருக்கேன்! அவனும் என்ன அருமையாப் போடுறான் பாருங்க!"

விரால் அக்கா இத்தனை கவலையிலும் சிரித்துவிட்டாள்.

"சரி, இப்போ என்ன பண்ணப் போறே? வாய் நிறைஞ்சிருக்கிறவனுக்கு எப்படிக் கடலை ஊட்டுவே?"

"வாய்தானே நிறைஞ்சிருக்கு? காது காலியாத்தானே இருக்கு!"

அணிலுக்கு என்று கடவுள் ஒரு குரல் கொடுத்திருக்கிறார் அல்லவா? பூவரசி அதை எடுத்துக்கொண்டாள். குடுக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, "கீச்!" என்றாள், உடனே ஒரு கடலை கொடுத்தாள். "கீச்!" ஒரு கடலை. "கீச்!" ஒரு கடலை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே சடையனின் காது நிமிர்ந்தது. அந்தக் கீச், கடலை வரப்போகிறது என்று பூவரசி கொடுக்கும் வாக்கு. ஒரு தடவைகூட அவள் அதைத் தவறவில்லை. வாய் தவறிக் கீச் என்று சொல்லிவிட்டால்கூட ஓடிப்போய்க் கடலை எடுத்து வந்து கொடுத்தாள்.

பிறகு குடுக்கையை வைத்தாள். சடையன் கயிற்றைக் கவ்வினான். கவ்வியிருக்கும் அந்த நொடியிலேயே, "கீச்!"

சடையன் அப்படியே நின்றுவிட்டான். அவன் கண்ணில் ஏதோ தெளிந்தது. மெல்ல வாயைத் திறந்தான். கடலை வந்தது.

"தங்கச்சி," என்றான் மென்றுகொண்டே, "பிடிச்சிருக்கிறதுக்கா கொடுக்கிறே? இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் அண்ணே!"

அதற்கப்புறம் பூவரசி கீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டாள். ஒரு மூச்சு விடும் நேரம். வாலை ஒரு சுற்றுச் சுற்றும் நேரம். குட்டையை ஒரு வலம் வரும் நேரம். நடுவில் குடுக்கை விழுந்துவிட்டால் கோபிக்க மாட்டாள். "பரவாயில்லை அண்ணே, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லி, அடுத்த முறை சீக்கிரமாகவே கீச் சொல்லுவாள். தட்டாம்பூச்சி பறந்தது, சடையன் கண் அதன் பின்னால் போயிற்று, வாய் போகவில்லை. "கீச்!" என்று சொல்லி அன்று இரட்டைக் கடலை கொடுத்தாள்.

வெயில் நேரம்தான் பெரிய கஷ்டம். நாய்க்கு நாக்கைத் தொங்கவிட்டால்தான் சூடு தணியும். வாயை மூடிக்கொண்டு நடந்தால் உள்ளே கொதிக்கும். சடையனின் கண் சிவக்கும், எச்சில் கயிற்றில் வழியும். அப்படியும் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த நேரத்தில் அவனைப் பார்த்தால் பூவரசிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இவ்வளவு பெரிய பல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு மெதுவாகப் பிடிக்கிறானே, கயிற்றில் ஒரு நார்கூட அறவில்லையே என்று வியந்துபோவாள்.

பொந்தில் கடலை குறைந்துகொண்டே வந்தது. குட்டிகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மழைக்காலத்துக்கு நமக்கு?" என்று கேட்டன.

"மழையைக் கொடுக்கிறவர் அதுக்கும் ஒரு வழி விடுவார்டா கண்ணுங்களா" என்றாள் பூவரசி.

நரி மட்டும் விடவில்லை.

"லஞ்சம் கொடுத்து வேலை வாங்குறே! கடலை இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கூத்தெல்லாம். பொந்து காலியானா அவன் வாயும் காலி. எழுதி வச்சுக்கோ!"

உள்ளுக்குள் பூவரசிக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஒருநாள் விடியும்போது பார்த்தால், குட்டையில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. இன்னொரு வெயிலை அது தாங்காது.

"இன்னிக்குத்தான்" என்றாள் விரால் அக்கா.

சடையன் குடுக்கையைத் தண்ணீரில் சாய்த்து வைத்தான். விரால் அக்கா குஞ்சுகளைச் சுற்றி வந்தாள்.

"எல்லாரும் உள்ளே போங்க. இருட்டா இருக்கும், ஆடும், பயப்படக் கூடாது. ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிக்கிட்டு இருங்க. போற இடத்திலே தண்ணி நிறைய இருக்கு."

"நீ வரலையா அம்மா?"

"பின்னாடி வரேன், போங்க."

குங்குமக் கூட்டம் குடுக்கைக்குள் புகுந்தது. கடைசிக் குஞ்சின் வாலும் மறைந்த பிறகு விரால் அக்கா கொஞ்ச நேரம் அப்படியே அசையாமல் நின்றாள்.

பூவரசி பொந்துக்குப் போனாள். ஒரே ஒரு கடலைதான் இருந்தது. அதைப் பல்லில் கவ்விக்கொண்டு சடையன் தலைமேல் ஏறி உட்கார்ந்தாள். மடுவில் போய் அவள் கீச் சொன்னால்தானே அவன் குடுக்கையை விடுவான்? அவளும் போய்த்தான் ஆக வேண்டும்.

சடையன் கயிற்றைக் கவ்வித் தூக்கினான். தண்ணீர் 'தளக்' என்றது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. நடந்தான்.

மேட்டில் ஒரு மரம் கிடையாது. வெறும் பொட்டல். மறைந்துகொள்ள ஓர் இலைகூட இல்லாத அப்படி ஓர் இடத்துக்குப் பூவரசி பிறந்ததிலிருந்து வந்ததில்லை. பாதி மேடு ஏறியிருப்பார்கள். தரையில் ஒரு நிழல் சுற்றியது.

வல்லூறு!

வல்லூற்றைப் பார்த்தால் அணில் கத்தும். அது அணிலின் ரத்தத்தில் இருப்பது. பூவரசியின் தொண்டை வரைக்கும் 'கீச்' வந்துவிட்டது. அந்த நொடியில் அவளுக்கு நினைவு வந்தது. நான் கீச் என்றால் இவன் வாயைத் திறப்பான். குடுக்கை பாறையில் விழும். அத்தனை குஞ்சும் இந்தப் புழுதியில்!

கடலையைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். 'கடவுளே, என் வாயை நீயே பிடிச்சுக்கோ.'

நிழல் இறங்கியது. முதுகில் நெருப்புப் பட்டதுபோல ஒரு கீறல். வாலை ஏதோ வெடுக்கென்று இழுத்தது. பூவரசி சடையனின் காதோரத்துச் சடை முடிக்குள் புகுந்து, நான்கு காலாலும் பற்றிக்கொண்டு கிடந்தாள். வல்லூறு மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. முடிக்குள் அணில் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. கால் விரலில் ஒரு கொத்து வால்முடியோடு மேலே ஏறிப் போய்விட்டது.

சடையனுக்குத் தலைமேல் ஏதோ அடித்துப் பிடித்தது தெரிந்தது. என்னவென்று கேட்க முடியவில்லை. வாயில் குடுக்கை. பூவரசியால் சொல்ல முடியவில்லை. வாயில் கடலை. இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் அந்த மேட்டைக் கடந்தார்கள்.

யானைப்பாறை மடு கரும்பச்சையாகத் தளும்பிக்கொண்டிருந்தது. சடையன் தண்ணீரில் இறங்கிக் குடுக்கையை மெல்ல அமிழ்த்தினான். பூவரசி கடலையைப் பாறையில் வைத்தாள்.

"கீச்!"

கயிற்றை விட்டான். குஞ்சுகள் வெளியே வழிந்தன. பூவரசி கடலையை உருட்டிவிட்டாள். அதைச் சாப்பிட நிமிர்ந்த சடையன் அவளைப் பார்த்து அப்படியே நின்றான்.

"தங்கச்சி! வாலு எங்கே? முதுகெல்லாம் ரத்தம்!"

"வல்லூறு வந்துச்சு அண்ணே. கொஞ்சம் முடி போயிடுச்சு. வளர்ந்துடும்."

"கத்தியிருக்கக் கூடாதா? நான் திரும்பியிருப்பேனே!"

"கத்தினா நீங்க வாயைத் திறந்திருப்பீங்களே."

கடலை அவன் முன்னால் கிடந்தது. அதை அவன் தொடவில்லை.

தண்ணீரில் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அங்கும் இங்கும் தத்தளித்தன. தங்களுக்கு அடியில் இருக்க வேண்டிய அந்தக் கறுத்த நிழலைத் தேடின. ஆழத்திலிருந்து ஒரு பெரிய கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு மேலே வந்தது.

சடையன் குஞ்சுகளைப் பார்த்தான். பூவரசியைப் பார்த்தான். சட்டென்று திரும்பி வந்த வழியே பாய்ந்து ஓடினான்!

"அண்ணே! எங்கே போறீங்க? அண்ணே!"

புழுதிதான் பதில் சொன்னது.

பூவரசி திகைத்துப்போனாள். பொந்தில் இன்னும் கடலை இருக்கும் என்று நினைத்து ஓடுகிறானோ? கஷ்டப்பட்டவனுக்கு ஒற்றைக் கடலைதானா என்று கோபமோ? நரி சொன்னதுதான் நிஜமோ? யோசிக்க நேரமில்லை. வலிக்கும் முதுகோடு கூழாங்கற்களை ஒவ்வொன்றாக உருட்டித் தண்ணீரில் தள்ளினாள். ஒவ்வொரு 'டொபுக்'குக்கும் கெளுத்தி கொஞ்சம் பின்வாங்கியது. பிறகு மறுபடி வந்தது.

வெயில் ஏறியது. மேட்டின் உச்சியில் ஓர் உருவம் தெரிந்தது. சடையன்தான்! ஓடவில்லை, நடந்து வந்தான். அவன் வாயில்...

பூவரசிக்கு உயிரே போய்விட்டது. அவன் வாயின் ஒரு பக்கம் விரால் அக்காவின் தலை தொங்கியது. மறுபக்கம் வால்.

"பாவி! அண்ணே! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

அவன் பின்னாலேயே நரி ஓடி வந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் சேறு, முன்னங்கால் இரண்டும் சேறு. தோண்டிக்கொண்டிருந்தவன் கோலம்!

"டேய் சடையா, முழுங்குடா! நான் தோண்டி எடுத்ததை நீ தட்டிட்டு வந்தே. போகட்டும், ஆளுக்குப் பாதி! வாய்க்குள்ளே விராலை வச்சுக்கிட்டு எச்சில் விட்டுக்கிட்டுப் போற முட்டாளை உலகத்திலே எங்கேயாவது பார்த்தது உண்டா? ஒரே ஒரு கடி!"

சடையன் நடந்தான். எச்சில் வழிந்தது. தாடை நடுங்கியது. நேற்றிலிருந்து அவன் வயிற்றில் ஒன்றும் போகவில்லை. நாக்கின் மேலேயே மீன் கிடந்தது.

நரிக்கு ஒரு தந்திரம் தோன்றியது. இத்தனை நாளும் புதருக்குள் இருந்து பார்த்தது வீணாகுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தியது.

"கீச்! கீச்! கீச்!"

சடையனின் காது ஒருமுறை துடித்தது. வாய் திறக்கவில்லை. எத்தனை கீச் சொன்னால் என்ன? நரி ஒரு நாளாவது அவனுக்கு ஒரு கடலை கொடுத்தது உண்டா?

அவன் தண்ணீரில் இறங்கி நின்றான். முகத்தைத் தாழ்த்தினான். கண்ணை உயர்த்திப் பூவரசியைப் பார்த்தான். அப்போதுதான் பூவரசி கவனித்தாள், விரால் அக்காவின் செவுள் அசைந்துகொண்டிருந்தது! உடம்பைச் சுற்றிச் சேற்றுப் பாசி ஈரமாக ஒட்டியிருந்தது. ஒரு செதிலும் பெயரவில்லை.

பூவரசி சொன்னாள்.

"கீச்!"

வாய் திறந்தது. விரால் அக்கா தண்ணீரில் வழுக்கி இறங்கினாள். ஒரு நொடி அசையாமல் கிடந்தாள். மறுநொடி கெளுத்தியை நோக்கி ஒரே பாய்ச்சல்! மீசைக்காரன் போன இடம் தெரியவில்லை. செந்நிறக் கூட்டம் முழுவதும் சுழன்று வந்து அவள் தலைக்கு மேலே குடைபோல விரிந்தது.

சடையன் கரையேறினான். நாக்கை நீளமாகத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினான்.

பூவரசி பதறினாள். கீச் சொல்லியாகிவிட்டது. கையில் ஒன்றும் இல்லை. முதல் தடவையாக அவள் வாக்குத் தவறப் போகிறாள். பாறையில் கிடந்த அந்த ஒற்றைக் கடலை நினைவுக்கு வந்து, ஓடிப்போய் எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இது காலையிலே கொடுத்ததுதான். இப்போ கொடுக்க வேற இல்லை. பொந்திலே எல்லாம் தீர்ந்துபோச்சு."

"தெரியும் தங்கச்சி" என்றான் சடையன். "அக்காவைத் தூக்குறதுக்கு முன்னாடி உன் மரத்துலே முன்னங்காலை வச்சுப் பொந்துக்குள்ளே மோந்து பார்த்தேன். உன் குட்டிங்களைச் சுத்தி வெறும் தோல்தான் கிடந்துச்சு."

சொல்லிவிட்டு அந்தக் கடலையை மூக்கால் அவள் பக்கமே தள்ளினான்.

"நீ சாப்பிடு. உன் வாயும்தானே இன்னிக்கு வேலை செஞ்சுச்சு."

மேட்டில் நின்றிருந்த நரி இதைக் கேட்டுவிட்டு, சேற்றுக் காலை உதறிக்கொண்டு, வந்த வழியே காலி வயிற்றோடு திரும்பிப் போயிற்று.

மிரட்டிப் படிய வைத்தது மிரட்டுகிறவர் இருக்கும் வரைக்கும்தான் நிற்கும். அன்பாய்ப் பொறுத்து, சொன்ன வாக்குத் தவறாமல் பழக்கியதோ, கேட்க ஆளில்லாத இடத்திலும் கொடுக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் கைவிடாது.